ஓரக் குறிப்பைக் காப்பது எப்படி?

ஒருவர் எழுதியதைப் பிறர் படித்துக் குறை நிறை கூறுவது நம் மரபுக்குப் புதியதன்று. நூல் இயற்றிய புலவர் அதனை அவையில் அரங்கேற்ற வேண்டும். அவையோர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூற வேண்டும். அதன் பின்னரே அந்நூலை உலகம் ஏற்றுக்கொள்ளும். இது பண்டை வழக்கு. ஆனால், அவையில் எழுந்த தடைகளையும் விடைகளையும் யாராவது எழுதி வைத்தார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே கூறவேண்டும். நூல் நின்றது, வினா காற்றோடு போயிற்று.

இன்று பல்கலைக்கழக மாணவராகிய நமக்கும் ஓர் அரங்கேற்றம் உண்டு. அது கணிப்பொறித் திரையில் நடைபெறுகிறது. ஆய்வேட்டின் ஓர் இயலை எழுதி ஆசிரியருக்கு அனுப்புகிறோம். நால்வர் கூடி ஒரே கோப்பில் கட்டுரை எழுதுகிறோம். சங்க மலருக்கு வந்த கட்டுரைகளைக் குழுவாகப் படித்துப் பார்க்கிறோம். படித்தவர்கள் பக்கத்தின் ஓரத்தில் தம் கருத்தைக் குறித்து வைக்கிறார்கள். அக்குறிப்புகள் எவ்வாறு தொலைந்து போகின்றன, அவற்றைக் காப்பதற்கு வழி என்ன, ஏன் காக்க வேண்டும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூன்று பொருள்களை வேறு பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் எழுதியது மூலம். அம்மூலத்தில் ஒரு சொல்லை நீக்கியோ சேர்த்தோ மாற்றுவது திருத்தம். மூலத்தைத் தொடாமல், 'இவ்விடம் ஐயத்துக்குரியது', 'இதற்குச் சான்று எங்கே?' என்று பக்கத்தில் நின்று சொல்வது குறிப்புரை. திருத்தம் மூலத்தோடு கலந்து மறைவது. மறைந்தாலும் அதன் பயன் மூலத்தில் நிற்கும். குறிப்புரையோ கலக்கக் கூடாதது; மறைந்தால் அதன் பயனும் உடன் மறையும். இந்த வேறுபாட்டை அறியாமையே பல குழப்பங்களுக்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மாணவர் ஒருவர் தம் கட்டுரையில், 'தொல்காப்பியத்திற்கு முதன்முதல் உரை கண்டவர் நச்சினார்க்கினியர்' என்று எழுதிவிட்டார் எனக் கொள்வோம். படித்துப் பார்த்த நண்பர், 'இளம்பூரணர் அன்றோ? உரையாசிரியர் என்ற சிறப்புப் பெயரே அவருக்குத்தானே உரியது?' என்று ஓரத்தில் குறிக்கிறார். எழுதியவர் தம் பிழையை உணர்ந்து, அவ்வாக்கியம் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறார். வாக்கியம் போனவுடன் அதைப் பற்றிக்கொண்டிருந்த குறிப்பும் ஓரத்திலிருந்து போய்விடுகிறது. இரண்டு வாரம் கழித்து, பழைய படியை வைத்திருந்த மற்றொரு நண்பர், 'முன்பு வேறு மாதிரி இருந்ததே!' என்று பழைய வாக்கியத்தையே மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறார். தடுப்பதற்கு அங்கே குறிப்பு இல்லை. பிழை அச்சேறுகிறது. இங்கே யாரும் தீய எண்ணம் உடையவர் அல்லர். குறிப்பு அழிந்தது ஒன்றே குற்றம்.

இத்தகைய இழப்பு நம் இலக்கிய வரலாற்றில் பெரிய அளவிலேயே நேர்ந்திருக்கிறது. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினர் என்பது மரபு. அவர்களுள் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகளே நமக்குக் கிடைத்துள்ளன. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் என்னும் மற்றை ஐவர் பெயரளவில் நிற்கிறார்கள். மூலமாகிய குறள் முழுமையாக நம் கையில் இருக்கிறது. ஆனால் அக்குறளை அவ்வைவரும் எங்கே எவ்வாறு பொருள் கொண்டனர், எங்கே ஐயுற்றனர் என்பதை அறிய நமக்கு வழியில்லை. மூலத்தைக் காத்தாற் போதும், குறிப்புத் தானே நிற்கும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பரிமேலழகரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பிறர் கொண்ட பாடத்தையோ பொருளையோ அவர் மறுக்கும்போது, அதனை மறைத்துவிட்டு மறுப்பதில்லை. அவர்கள் கூறியது இது என்று எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணமும் கூறுவார். இன்று நாம் அவரோடு மாறுபட்டு, அவர் மறுத்த பொருளே சிறந்தது என்று வாதிட முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அவருடைய நேர்மைதான். மறுத்த கருத்தையும் அவர் காத்தார். குறிப்புரையைக் காப்பது என்பது அதனை ஏற்றுக்கொள்வது அன்று. ஏற்றாலும் மறுத்தாலும், சொன்னது இது, சொன்னவர் இவர், அதற்கு நேர்ந்தது இது என்று அறியும்படி வைப்பதே காத்தலாகும்.

அண்மைக் காலத்தில் இந்நெறியைப் பெரிய அளவில் கையாண்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. நம் நாட்டின் அரசியல் சட்டம் உருவான கதையே அது. 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஒரு வரைவுக் குழுவை அமைத்தது. டாக்டர் அம்பேத்கர் அதன் தலைவரானார். சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், என். கோபாலசாமி ஐயங்காரும் அதில் இருந்தனர், பின்னர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் சேர்ந்தார். 1948 பிப்ரவரி 21ஆம் நாள் குழு தன் வரைவைச் சபைத் தலைவரிடம் ஒப்படைத்தது. அதில் 315 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் இருந்தன.

அவ்வரைவோடு அம்பேத்கர் அனுப்பிய கடிதத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. சபையும் அதன் கிளைக் குழுக்களும் முன்பே செய்த முடிவுகளைப் பின்பற்றுவதே வரைவுக் குழுவின் கடமை. ஆயினும் சில இடங்களில் மாற்றம் வேண்டும் என்று குழு கருதியது. அவ்வாறு மாற்றிய இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டோ ஓரக்கோடிட்டோ காட்டியிருப்பதாகவும், மாற்றத்தின் காரணத்தை அடிக்குறிப்பில் விளக்கியிருப்பதாகவும் அக்கடிதம் கூறுகிறது. கணிப்பொறி இல்லாத காலத்திலேயே, மாற்றியது எது, மாற்றியதன் காரணம் எது என்பதைப் படிப்பவர் ஒரே பார்வையில் காணும்படி செய்திருந்தனர்.

பின்னர் வரைவு எட்டு மாதம் பொதுமக்கள் பார்வையில் இருந்தது. சபை உறுப்பினர்கள், மாகாண அரசாங்கங்கள், நீதிபதிகள், சங்கங்கள் எனப் பல திசைகளிலிருந்தும் கருத்துகள் வந்தன. அரசியல் சட்ட ஆலோசகராக இருந்த பி. என். ராவ் அவற்றைப் பிரிவு வாரியாக வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பற்றித் தம் குறிப்பை எழுதினார். அதன் பின் சபையில் 7,635 திருத்தங்களுக்கு அறிவிப்புத் தரப்பட்டது. அவற்றுள் 2,473 சபையில் கொண்டுவரப்பட்டன. 1949 நவம்பர் 26ஆம் நாள் 395 பிரிவுகளுடன் சட்டம் நிறைவேறியது.

இவ்வளவையும் நாம் இன்று கூற முடிவது எதனால்? அக்கருத்துகளும் பதில்களும் அழியாமல் இருந்ததனால்தான். பி. சிவராவ் அவர்களைத் தலைமையாகக் கொண்டு 1966 முதல் 1968 வரை வெளிவந்த ஆவணத் தொகுதிகளில் அவை அச்சாகியுள்ளன. ஒரு பிரிவின் பொருள் பற்றி ஐயம் எழும்போது வழக்கறிஞரும் ஆய்வாளரும் அத்தொகுதிகளைப் புரட்டுகிறார்கள். தோற்ற கருத்தும் அங்கே தன் பெயரோடு நிற்கிறது.

குறிப்புரை கூறுவோர் எல்லாரும் நீதிபதியும் பேரறிஞருமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் ஊரின் நிலத்தையும் நீரையும் மாற்றக்கூடிய திட்டம் வரும்போது, அவ்வூர் மக்களே அத்திட்ட அறிக்கையின் மதிப்பாய்வாளர்கள். 2006 செப்டம்பர் 14ஆம் நாள் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதற்கு விதி வகுத்துள்ளது. பொது விசாரணையில் மக்கள் சொன்ன கருத்துகளையும் கவலைகளையும் சுருக்கி எழுத வேண்டும். கூட்டம் முடியும்போது அதனை மக்கள் முன் படித்து, உள்ளூர் மொழியில் விளக்க வேண்டும். அன்றே மாவட்ட ஆட்சித் தலைவர் கையொப்பம் இட வேண்டும். எழுப்பிய பிரச்சினைகளையும் அவற்றுக்குத் திட்டத்தார் தந்த விடைகளையும் பட்டியலாக்கி இணைக்க வேண்டும். நடவடிக்கை முழுவதையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளை எடுத்துக்கொள்வோம். 1950ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தில், முதல் அட்டவணையின் நான்காம் பகுதியில் தனியாக இடம்பெற்ற பெயர் அது. அத்தீவுகளில் வங்காளமும் தமிழும் இந்தியும் தெலுங்கும் நிக்கோபார் மொழியும் பேசுவோர் வாழ்கின்றனர். பெரிய நிக்கோபார்த் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்கும் திட்டத்திற்கான பொது விசாரணை 2022 ஜனவரி 27ஆம் நாள் காம்பெல் வளைகுடாவில் நடைபெற்றது. அத்திட்டம் நன்றா தீதா என்ற வாதம் வேறு. அதற்குள் இங்கே புகவில்லை. நாம் காண வேண்டியது இதுதான்: படித்துக் காட்டு, அவர்கள் மொழியில் விளக்கு, அன்றே கையொப்பமிடு என்று விதி வற்புறுத்துவது ஏன்? சொன்னவர் வீடு திரும்பிய பிறகு, அவர் சொன்னதை வேறொருவர் மாற்றி எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே. எளியவர் கருத்தே எளிதில் தொலைகிறது. ஆகவே அதற்குக் காப்பும் மிகுதியாக வேண்டும்.

உலக அளவிலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. பருவநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டுக் குழுவாகிய ஐ.பி.சி.சி., 2021 ஆகஸ்டில் தன் ஆறாம் மதிப்பீட்டின் முதற் பகுதியை வெளியிட்டது. அவ்வறிக்கையின் வரைவுகளுக்கு நிபுணர்களிடமிருந்தும் அரசாங்கங்களிடமிருந்தும் வந்த குறிப்புரைகள் 78,007. ஒவ்வொன்றையும் எழுதியோர் கருத்திற் கொள்ள வேண்டும். அவ்வாறு கொண்டனரா என்று பார்ப்பதற்கென்றே மதிப்பாய்வுப் பதிப்பாசிரியர் என்னும் தனிப் பொறுப்பாளர் உண்டு. அறிக்கை வெளியான பின் குறிப்புரைகளும் அவற்றுக்கான பதில்களும் பொதுமக்களுக்கு வெளியிடப்படுகின்றன. எழுபத்தெட்டாயிரம் குறிப்புகளை ஒரு குழு காக்க முடியுமானால், நம் ஆய்வேட்டில் வரும் எழுபது எண்பது குறிப்புகளைக் காப்பது அரிய செயல் ஆகுமா?

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு குறிப்புரை முழுமை பெற நான்கு அடையாளங்கள் வேண்டும். சொன்னவர் யார்? சொன்ன நாள் எது? எந்த இடத்தைப் பற்றிச் சொன்னார்? சொன்னதற்கு என்ன ஆயிற்று? இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் குறிப்பு முடமாகிவிடும். கீழ்க்காணும் முறைகள் யாவும் இந்நான்கையும் காப்பதற்காகவே.

முதலாவது, உரிமையைப் பிரித்துக் கொடுத்தல். கூகுள் டாக்ஸில் கோப்பைப் பகிரும்போது, பார்ப்பவர், கருத்துரைப்பவர், திருத்துபவர் என மூன்று நிலைகள் உண்டு. மதிப்பாய்வாளருக்குக் கருத்துரைப்பவர் என்ற நிலையைக் கொடுங்கள். அவர் மூலத்தை அறியாமல் மாற்றிவிடுவதும், பிறர் குறிப்பு நின்ற வாக்கியத்தை அழித்துவிடுவதும் இதனால் தவிரும். மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் 'ரிவ்யூ' பட்டியில் 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' என்னும் வசதி இருக்கிறது. அதில் குறிப்புரை மட்டும் எழுதலாம் என்றோ, மாற்றங்கள் யாவும் தடம் பதிய வேண்டும் என்றோ விதித்துக் கடவுச்சொல் இடலாம். ஆனால் இது மதிப்பாய்வாளரிடமிருந்து மூலத்தைக் காக்கும் பூட்டேயன்றி வேறில்லை. திருத்தும் உரிமை உடையவர் குறிப்பை அழித்துவிடுவதை இது தடுக்காது. அதற்குப் பின்வரும் முறைகள் வேண்டும்.

இரண்டாவது, பெயர். ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கிலிருந்தே கருத்தை எழுத வேண்டும். சங்கத்துக்குப் பொதுவான ஒரே கணக்கில் ஐவர் எழுதினால் ஐவர் குரலும் ஒருவர் குரலாகிவிடும். ஆய்வுக்கூடக் கணிப்பொறியில் வேர்டைத் திறந்து எழுதுவோர், அதில் பதிந்துள்ள பெயர் தம் பெயர்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இடம். குறிப்பு, மூலத்தின் ஒரு தொடரைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. அத்தொடர் அழிந்தால் குறிப்பின் கால் முறிகிறது. ஆதலால் குறிப்பு எழுதுவோர், 'இது சரியா?' என்று மட்டும் எழுதாமல், எந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கிறோம் என்பதையும் குறிப்பினுள்ளேயே சேர்த்து எழுத வேண்டும். 'உரை கண்ட முதல்வர் நச்சினார்க்கினியர் என்பது சரியா?' என்று இருந்தால், வாக்கியம் இடம் மாறினாலும் குறிப்புத் தனியே நின்று பொருள் தரும்.

நான்காவது, வரிசை. குறிப்பைக் கண்டவுடன் மூலத்தை மாற்றப் பாயலாகாது. முதலில் குறிப்பின் கீழ்ப் பதில் எழுதுக. பின்னர் மூலத்தைத் திருத்துக. அதன் பின் குறிப்பைத் தீர்ந்ததாக மூடுக. அழித்தல் வேறு, மூடுதல் வேறு. மூடிய குறிப்பு பார்வையிலிருந்து விலகுமே தவிர மறையாது. வேண்டும்போது மீண்டும் திறக்கலாம். அழித்த குறிப்போ போனது போனதுதான். இயன்றால், குறிப்பை எழுதியவரே மூடுவது இன்னும் நன்று. நம் பதில் அவருக்கு நிறைவு தந்ததா என்பதை அவரல்லவா கூற வேண்டும்?

ஐந்தாவது, சுற்றுக்கொரு படி. ஒரு சுற்று மதிப்பாய்வு முடிந்தவுடன், குறிப்புகள் அனைத்தும் உள்ள கோப்பை நாளும் சுற்றும் குறித்துப் பெயரிட்டுத் தனியே எடுத்து வையுங்கள். அப்படியில் எவரும் கை வைக்கக் கூடாது. இங்கே சில கண்ணிகள் உள்ளன. கூகுள் டாக்ஸில் கோப்பைப் படியெடுக்கும்போது, கருத்துகளையும் படியெடுக்க என்ற கட்டத்தில் குறியிடாவிட்டால் மூலம் மட்டுமே வரும். வேர்டு வடிவில் இறக்கினால் குறிப்புகள் உடன் வரும், பி.டி.எஃப். வடிவில் இறக்கினால் பொதுவாக வாரா. வேர்டில், கோப்பைச் சோதித்துத் தூய்மை செய்யும் வசதி குறிப்புகளையும் பெயர்களையும் ஒருங்கே துடைத்துவிடும். அச்சுக்கு அனுப்பும் இறுதிப் படியில் மட்டும் அதனைச் செய்யலாம். காப்புப் படியில் ஒருபோதும் செய்யலாகாது. ஆசிரியர் மூவர் தனித்தனிக் கோப்பில் குறிப்பு எழுதி அனுப்பினால், கையால் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை; வேர்டின் 'கம்பைன்' என்னும் வசதி அவற்றை ஒரே கோப்பில் அவரவர் பெயருடன் சேர்த்துத் தரும்.

ஆறாவது, பதிவேடு. இதுவே எல்லாவற்றுக்கும் மேலான காப்பு. ஏழு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போதும்: வரிசை எண், இடம், சொன்னவர், நாள், சொன்னது, நம் பதில், முடிவு. மென்பொருள் மாறலாம், கணக்கு மூடப்படலாம், படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக மின்னஞ்சலே நின்றுபோகலாம். அட்டவணை நிற்கும். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், 'முன்னர்ச் சொன்ன இந்தக் குறைக்கு என்ன செய்தீர்?' என்று கேட்டால், பக்கத்தைப் புரட்டி விடை சொல்லலாம். ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் காலத்திலும் இத்தகைய பதிலுரையைத்தான் கேட்பார்கள். பழக்கம் இப்போதே வரட்டும்.

இங்கே ஒரு வினா எழலாம். பெயரைக் காக்க வேண்டும் என்கிறோமே. பெயர் வெளிப்பட்டால் அஞ்சிக் கருத்தே சொல்லாமல் விடுவோர் இருக்க மாட்டார்களா? இருப்பார்கள். இதற்காகவே ஆய்விதழ்கள் பலவற்றில் மதிப்பாய்வாளர் பெயரை எழுதியவருக்குத் தெரிவிப்பதில்லை. பெயரைக் காப்பது வேறு, பெயரைப் பறைசாற்றுவது வேறு. பொறுப்பாளர் ஒருவரிடம் பெயர் இருக்கட்டும். எழுதியவருக்கு 'முதல் மதிப்பாய்வாளர்', 'இரண்டாம் மதிப்பாய்வாளர்' என்ற அடையாளம் போதும். அவ்வாறு செய்யும்போது கோப்பினுள் மறைந்துகிடக்கும் பெயர்களையும் நீக்கியே அனுப்ப வேண்டும். இல்லையேல் முன்வாயிலை அடைத்துப் புறக்கடையைத் திறந்துவைத்த கதையாகிவிடும். குறிப்பையும் காக்க வேண்டும். குறித்தவரையும் காக்க வேண்டும்.

குழுவாக வேலை செய்யும்போது, காப்பாளர் ஒருவரை முன்னரே அமர்த்திக்கொள்வது நன்று. அவர் கட்டுரை எழுதியவராக இல்லாதிருப்பது இன்னும் நன்று. தம் எழுத்தின்மேல் வந்த கண்டனத்தைத் தாமே பாதுகாப்பது எவர்க்கும் சற்றுக் கடினமான செயல். கடுமையான குறிப்பைக் கண்டவுடன் அதனை அழித்துவிடக் கை துடிக்கும். அத்துடிப்பை அடக்குவது நற்பண்பு. அடக்க வேண்டிய தேவையே நேராதபடி முறை வகுப்பது அறிவுடைமை.

இடித்துக் கூறும் பெரியோரைத் துணையாகக் கொள்ள வேண்டும் என்று சொல்வதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். நம் எழுத்தைப் படித்து ஓரத்தில் ஒரு வரி எழுதுபவர் அத்தகைய துணைவரே. தம் நேரத்தைச் செலவிட்டு நமக்காகச் சிந்தித்தவர் அவர். அவர் சொல்லை ஏற்பதும் ஏற்காததும் நம் உரிமை. அதனை இல்லாதது ஆக்குவது நம் உரிமையன்று. இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை படிக்க அமரும் நண்பர்கள், முதற் பக்கத்தைத் திறக்கும் முன்பே அந்த ஏழு பத்தி அட்டவணையை வரைந்து வைத்துக்கொள்வார்களாக.